ஒற்றை ஸ்டாரும் கேப் பில்லும்

கேள்வி: மன்னார்குடியில் எட்டு வருடமாகப் பல் கிளினிக் நடத்துகிறேன். கூகுளில் மொத்தமே 10 ரிவியூ. ஒன்பது பேர் ஐந்து ஸ்டார் போட்டிருக்கிறார்கள். போன மாதம் ஒருவர் ஒற்றை ஸ்டார் போட்டு, ‘ரூட் கெனாலுக்கு ஒரு ரேட் சொன்னாங்க. முடிஞ்சதும் பல்லு மேல கேப் போடணும்னு திரும்பவும் அதே அளவு காசு கேட்டாங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் உக்கார வச்சாங்க. யாரும் போகாதீங்க’ என்று எழுதிவிட்டார். கோபத்தில் நானும் பதில் போட்டேன்: அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாததால்தான் இரண்டு முறை தள்ளிப்போட்டோம், கேப் பற்றி முதல் நாளே சொன்னோம் என்று. இப்போது பக்கத்துத் தெருவில் செயின் கிளினிக் ஒன்று வந்திருக்கிறது. திறந்த சில வாரத்திலேயே அவர்களுக்கு நூற்றுக்கணக்கில் ரிவியூ. திருச்சி ஏஜென்சி ஒன்று, மாதம் 15,000 ரூபாய் கொடுத்தால் 50 ஐந்து ஸ்டார் கேரண்டி என்கிறது. கணவரோ வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், மன்னார்குடி

பதில்: டாக்டர், ஏஜென்சி, நோட்டீஸ் எல்லாம் அப்புறம். முதலில் போனை எடுத்து நீங்கள் போட்ட பதிலை அழியுங்கள். இதைப் படித்து முடிக்கும்வரை கூடக் காத்திருக்க வேண்டாம்.

தனக்குச் சர்க்கரை இருப்பதை அவர் உங்களிடம் சொன்னார், ஊரிடம் சொல்லவில்லை. கூகுளில் இருக்கும் பெயரை வைத்து ஆள் யார் என்று கண்டுபிடிக்க, உங்கள் ஊரில் பந்தலடியில் ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். நோயாளியின் விவரத்தை வெளியே விடக்கூடாது என்பது பல் மருத்துவர்களுக்கான நன்னடத்தை விதிகளிலேயே இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியாததல்ல, கோபம் கண்ணை மறைத்துவிட்டது. ஆனால் அந்தப் பதிலைப் படிக்கிற புது ஆள் கேப் கணக்கையா பார்ப்பார்? ‘நமக்குப் பயோரியா இருக்கிறதையும் இந்தம்மா நாளைக்கு எழுதிப் போட்டுடுமோ’ என்றுதான் யோசிப்பார். ஒற்றை ஸ்டார் செய்த சேதத்தைவிட உங்கள் பதில் செய்த சேதம் அதிகம்.

அழித்தாயிற்றா? இனி அந்த ரிவியூவை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். வேலை சரியில்லை என்று அவர் எங்கேயும் எழுதவில்லை. வலி போகவில்லை என்று சொல்லவில்லை. சுத்தமில்லை, மரியாதையில்லை, எதுவும் இல்லை. அவருக்கு இருப்பது இரண்டே குறை: காசு, நேரம். கைத்தொழிலைக் குறை சொல்லியிருந்தால்தான் நீங்கள் தூக்கம் கெட வேண்டும். இது கல்லாவிலும் பெஞ்சிலும் வந்த கோளாறு. சரிசெய்யக்கூடியது.

கேப் பற்றி முதல் நாளே சொன்னோம் என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் எப்போது சொன்னீர்கள்? ராத்திரியெல்லாம் தூங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர். நாற்காலியைச் சாய்த்து, முகத்துக்கு நேரே லைட்டைப் போட்டு, வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயை மாட்டிய பிறகு, ‘ரூட் கெனால் முடிஞ்சதும் கேப் போடணும் சார்’ என்று சொன்னால், அவர் ‘ம்ம்’ என்றுதான் சொல்ல முடியும். வேறு எதுவும் சொல்ல அவருக்கு வாய் இல்லை. அந்த ‘ம்ம்’தான் இன்றைக்கு ஒற்றை ஸ்டாராக வந்து நிற்கிறது.

ரூட் கெனால் செய்த கடைவாய்ப்பல்லில் சொத்தை தின்றது போக, நீங்கள் குடைந்தது போக, மிச்சம் இருப்பது ஓடுதான், கேப் போடாமல் முறுக்கைக் கடித்தால் பிளந்துவிடும் என்பது உங்களுக்குப் பாலபாடம். அவர் கணக்கு வேறு. வலி நின்றது, வேலை முடிந்தது. அதற்கு மேல் கேட்கிற ஒவ்வொரு ரூபாயும் அவருக்குப் புதுச் செலவு.

அதனால் ஒரு சீட்டு அடியுங்கள், தமிழில். எந்தப் பல், எத்தனை தடவை வர வேண்டும், ரூட் கெனாலுக்கு எவ்வளவு, கேப் உலோகமா செராமிக்கா ஜிர்கோனியாவா, ஒவ்வொன்றும் எவ்வளவு, எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, கேப் போடாமல் விட்டால் என்ன ஆகும். மொத்தம் கொட்டை எழுத்தில் இருக்கட்டும். ஊசி போடும் முன், நாற்காலி நிமிர்ந்திருக்கும்போது, இதைக் கையில் கொடுத்துப் பேசுங்கள். ஒரு நகல் அவருக்கு. துபாயிலிருந்து மகன் பணம் அனுப்பித்தான் வைத்தியம் நடக்கிறது என்றால், சீட்டைப் போட்டோ எடுத்து மகனுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். காசு கொடுக்கிறவருக்குக் கணக்குத் தெரியாமல் இருப்பதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம்.

டெல்டாவில் இன்னொன்றும் உண்டு. தை, மாசியில் சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் வங்கிக்கு வந்த பிறகுதான் பல வீடுகளில் பெரிய செலவுக்கே கை நீளும். ஐப்பசி மழையில் வந்து உட்கார்ந்திருப்பவரிடம் மொத்தத்தையும் கேட்டால் அவர் எங்கே போவார்? ‘இப்ப ரூட் கெனால், அடைப்பு இவ்வளவு நாள் தாங்கும், அதுக்குள்ள கேப்’ என்று எழுதிக் கொடுங்கள். எவ்வளவு நாள் தாங்கும் என்பது ஒவ்வொரு பல்லையும் பார்த்து நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

காத்திருப்புக்குத் தீர்வு சின்னது. வடுவூரிலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் பஸ்ஸில் வருபவர்களுக்கு வரவேற்பில் இருக்கும் பெண் ஒரு போன் போட்டு, ‘அக்கா, டாக்டருக்கு முக்கால் மணி லேட்டாகும், அடுத்த பஸ்ஸுக்கு வாங்க’ என்று சொன்னால் போதும்.

சீட்டு நடைமுறைக்கு வந்த பிறகு, அதற்கு முன்னால் அல்ல, ரிவியூவுக்குப் புதுப் பதில் போடுங்கள். இப்படி இருக்கலாம்:

‘உங்கள் கருத்தை எழுதியதற்கு நன்றி. யாருடைய சிகிச்சை விவரத்தையும் நாங்கள் பொதுவில் பேசுவதில்லை. செலவு பற்றிய குழப்பமும் நீண்ட காத்திருப்பும் யாருக்கும் வரக்கூடாது என்பதால், இப்போது சிகிச்சை தொடங்கும் முன்பே மொத்தச் செலவையும் எழுதிக் கொடுக்கிறோம். கிளினிக் எண்ணில் என்னிடம் நேரடியாகப் பேசலாம்.’

அவர் உங்களிடம் வந்தார் என்பதைக்கூட இந்தப் பதில் ஒப்புக்கொள்ளவில்லை, கவனியுங்கள். நீங்கள் பதில் போட்டால் கூகுள் அவருக்குத் தகவல் அனுப்பும். அவர் மனம் மாறி ஸ்டாரைக் கூட்டினால் நல்லது. மாறாவிட்டாலும் நஷ்டமில்லை. இந்தப் பதில் அவருக்கானதே அல்ல. கூத்தாநல்லூரில் இருக்கும் அம்மாவுக்குக் கடைவாய்ப்பல் வலி என்று சிங்கப்பூரில் உட்கார்ந்து டாக்டர் தேடுகிற மகள் இருக்கிறாளே, அவளுக்கானது. ஒன்பது ஐந்து ஸ்டாரையும் விட்டுவிட்டு, நேரே அந்த ஒற்றை ஸ்டாரைத்தான் அவள் திறந்து படிப்பாள். நீங்களும் நானும் ஓட்டல் தேடும்போது அப்படித்தானே செய்கிறோம்!

இனி ஏஜென்சி. வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். எட்டு வருடத்தில் 10 ரிவியூ வாங்கிய கிளினிக்குக்கு ஒரே மாதத்தில் 50 வந்தால், யாருக்குத்தான் சந்தேகம் வராது? எழுதியவர் பெயரைத் தட்டினால் அவர் வேறு எங்கெல்லாம் எழுதியிருக்கிறார் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். முந்தாநாள் லக்னோவில் சலூனுக்கும், நேற்று சூரத்தில் சோபாக் கடைக்கும் ஐந்து ஸ்டார் போட்டவர், இன்று மன்னார்குடிக்கு வந்து பல் பிடுங்கிக்கொண்டாராம். காசு கொடுத்து எழுதவைப்பது கூகுளின் விதிப்படியே தவறு. கண்டுபிடித்தால் அவற்றை நீக்கும், கொஞ்ச காலத்துக்குப் புது ரிவியூ எதுவும் வரமுடியாதபடி தடுக்கவும் செய்யும். இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022ல் ஆன்லைன் விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டது. விலைக்கு வாங்கிய விமர்சனத்தை அதுவும் ஏற்பதில்லை. பொய்ப் புகழ் தவறான விளம்பரம் என்ற கணக்கில் வந்துவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் இருக்கிறது. பக்கத்துத் தெரு செயின் கிளினிக் எப்படி வாங்கியதோ, அது அவர்கள் பாடு.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். ஒன்பது ஐந்தும் ஒரு ஒன்றும் சேர்ந்து இப்போது சராசரி 4.6. உண்மையான நோயாளிகள் இன்னும் 30 பேர் ஐந்து ஸ்டார் கொடுத்தால் 4.9. ஒற்றை ஸ்டார் அங்கேயே இருக்கும், இருக்கட்டும். மாதம் மூன்று, நான்கு வந்தாலே ஒரு வருடத்துக்குள் இதை எட்டிவிடலாம். இதற்கா 15,000?

கேட்கிற விதத்தில்தான் இருக்கிறது. உதடு மரத்து, பஞ்சைக் கடித்துக்கொண்டு நிற்பவரிடம் கேட்காதீர்கள். ரூட் கெனால் செய்த இரண்டு, மூன்று நாளில் கிளினிக்கிலிருந்து ‘வலி எப்படி இருக்கு, மாத்திரை ஒத்துக்குதா?’ என்று ஒரு போன் போகட்டும். டாக்டர் வீட்டிலிருந்து போன் வந்தது என்று அவர்கள் நாலு பேரிடம் சொல்வார்கள், அதுவே பெரிய ரிவியூ. கடைசி நாள் வரும்போது, கல்லா மேசையில் உள்ள க்யூஆர் அட்டையைக் காட்டி, ‘உள்ளதை எழுதுங்க’ என்று மட்டும் சொல்லுங்கள். ‘நல்லா எழுதுங்க’ என்று சொல்லாதீர்கள். சந்தோஷமாகப் போகிறவர்களை மட்டும் பொறுக்கிக் கேட்பதும் கூகுள் விதிக்கு முரண், எல்லோரிடமும் கேட்க வேண்டும். எழுதினால் தள்ளுபடி, இலவச பிரஷ் என்பதும் கூடாது. டைப் அடிக்க வராதவர்களுக்குக் கீபோர்டில் மைக்கைத் தட்டித் தமிழில் பேசலாம் என்று காட்டிக் கொடுங்கள். ‘டாக்டரம்மா பதமா ஊசி போட்டாங்க, சுருக்குன்னு கூடத் தெரியல’ என்று பேச்சு வழக்கில் வருகிற ஒரு வரிக்கு இருக்கிற மதிப்பு, ஏஜென்சி இங்கிலீஷுக்கு வராது. மாமனாரையும் தம்பியையும் எழுதச் சொல்லாமல் விட்டுவிடுங்கள்.

கூகுள் பக்கத்தில் வேறு சில்லறை வேலைகளும் இருக்கின்றன. பெயர்ப் பலகையில் உள்ள பெயர்தான் அங்கேயும் இருக்க வேண்டும். ‘மன்னார்குடி பெஸ்ட் டென்டல்’ என்று ஒட்டுப்போடுவது விதிமீறல். மேப்பில் புள்ளி உங்கள் வாசலில்தான் விழுகிறதா என்று நடந்துபோய்ப் பாருங்கள். பங்குனித் திருவிழாவில் வெண்ணெய்த்தாழி அன்றைக்குக் கிளினிக் மூடுவீர்கள் என்றால் முன்கூட்டியே விடுமுறை போட்டு வையுங்கள். கிளினிக் மாடியிலா? படிக்கட்டுப் படத்தையும் போடுங்கள், முட்டி வலிக்காரர்கள் தெரிந்துகொண்டு வரட்டும். கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவ் படமும் அவசியம். யாரை உதவிக்கு வைத்தாலும் மேனேஜர் அனுமதி மட்டும் கொடுங்கள், ஓனர் அனுமதி உங்களிடமே இருக்க வேண்டும். அதை ஏஜென்சியிடம் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்க அலைய வேண்டாம்.

மார்க்கெட்டிங் என்று ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றால் பேசுங்கள். போனை எதிரே வைத்து, ஒரு நிமிடம், நம் ஊர்த் தமிழில். விஷயத்துக்கா பஞ்சம்? மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று இன்றும் நம்புகிற வீடுகள் எத்தனை! பல்லுக்கு உணர்வு தருவது ஐந்தாவது மூளை நரம்பு, பார்வைக்கு இரண்டாவது, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று தாடை மாதிரியைக் கையில் வைத்துக் காட்டுங்கள். பல்லைச் சுத்தம் செய்தால் ஆடும் என்பது அடுத்தது. ஈறும் எலும்பும் ஏற்கெனவே இறங்கிப்போய், இத்தனை நாள் பல்லில் படிந்து இறுகிய காரைதான் அதைப் பிடித்துவைத்திருந்தது, அதை எடுத்ததும் இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது என்பதை இதுவரை யாரும் அவர்களுக்கு நிதானமாகச் சொன்னதில்லை. மூன்றாவதாக, நம் பக்கத்துக்கே உரிய வெற்றிலை சீவல். அதோடு புகையிலையும் சேர்த்து அதக்குகிறவர்களுக்கு, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ வாயில் இருந்தால் உடனே காட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். அந்த ஒரு வீடியோ யாரையாவது காப்பாற்றக்கூடும்.

இப்படிப் பாடம் சொல்வது வேறு, ஆள் பிடிப்பது வேறு. பல் மருத்துவ கவுன்சிலின் 2014 நன்னடத்தை விதிகள், விளம்பரம் செய்து நோயாளிகளை இழுப்பதைத் தடுக்கின்றன. ‘முதல் 100 பேருக்குப் பாதி விலை’ போஸ்டர், ‘டெல்டாவிலேயே நம்பர் ஒன்’ பேனர் எல்லாம் வேண்டாம். சிகிச்சைக்கு முன், பின் படங்களும் எழுத்தில் சம்மதம் இல்லாமல் கூடாது, முகம் தெரியாவிட்டாலும்தான். சந்தேகமாக இருந்தால் போடும் முன்பே மாநிலக் கவுன்சிலைக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக உங்கள் கணவர் சொன்ன நோட்டீஸ். கிளினிக் வாசலையே மிதிக்காத ஒருவர், ஊசியை மாற்றாமல் போடுகிறார்கள் என்று எழுதியிருந்தால் அது அப்பட்டமான பொய். தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுளில் புகார் கொடுத்து, தேவைப்பட்டால் வக்கீலிடமும் போகலாம். ‘காசு ஜாஸ்தி, காக்க வச்சாங்க’ என்பது அந்த ரகம் இல்லை. அதற்கு நோட்டீஸ் விட்டால், சாயங்காலத்துக்குள் நோட்டீஸ் படம் ஊர் வாட்ஸ்அப் குரூப் எல்லாம் சுற்றிவிடும். அந்த வக்கீல் பீஸை அச்சகத்தில் கொடுத்து, நான் சொன்ன சீட்டை கார்பன் வைத்த புத்தகமாக அடித்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.