கார் பாகத்துக்கான நுரைப் பிளாஸ்டிக்: அடர்த்தியும் குமிழி அளவும் புதிது என்றால் காப்புரிமைக்குப் போதாதா?

கேள்வியின் சாரம் இது. கேட்டவருடைய நிறுவனம், கார் பம்பருக்குள் மோதலைத் தாங்குவதற்காக வைக்கும் பாலிப்ரொப்பிலீன் நுரைப் பாகம் ஒன்றுக்கு இந்தியாவில் காப்புரிமை கேட்டிருக்கிறது. எஃப்.இ.ஆர். என்று நாங்கள் சொல்லும் முதல் ஆய்வு அறிக்கை வந்துவிட்டது. அதில் முந்தைய ஆவணங்கள் இரண்டைக் காட்டி, புதுமையும் இல்லை, புத்தாக்கப் படியும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். "எங்கள் அடர்த்தி வரம்பும் குமிழியின் அளவும் அந்த ஆவணங்களில் அப்படியே இல்லையே, அது போதாதா?" என்று அவர் கேட்கிறார்.

பெரும்பாலும் போதாது என்பதே என் பதில். நீங்கள் கோரும் எண்ணுக்குள் இருக்கும்போது பாகம் ஒரு வேலையைச் செய்கிறது, அந்த எண்ணை விட்டு விலகினால் அந்த வேலை கெடுகிறது என்பதை, விண்ணப்பம் கொடுத்த நாளிலேயே, கண்டுபிடிப்பை விளக்க அதோடு தரும் உங்கள் விவரக்குறிப்பு காட்டியிருக்க வேண்டும். நான் முதலில் மோல்டிங் ஆலையில் வேலை பார்த்தவன். பிறகு காப்புரிமை முகவர் தேர்வு எழுதி, 10 ஆண்டுகளுக்கு மேலாகப் பிளாஸ்டிக் சார்ந்த விண்ணப்பங்களையே அதிகமாகப் பார்த்துவருகிறேன். நுரைப் பாகங்களைப் பொறுத்தவரை, நல்ல வேலை செய்த பொறியாளர்களின் விண்ணப்பங்கள் எழுத்தில் தோற்றுப்போவதைப் பலமுறை கண்டதால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். பாலிப்ரொப்பிலீன் துகள்களை அழுத்தக் கலனில் சூடாக்கி, கரியமில வாயு போன்ற ஒன்றை அவற்றுக்குள் ஊறவிட்டு, சட்டென்று அழுத்தம் குறைந்த இடத்துக்குத் திறந்துவிட்டால், நெல் பொரிவதைப் போல ஒவ்வொரு துகளும் உப்பி ஒரு மணியாகிறது. அந்த மணிகளை மோல்டில் நிரப்பி நீராவி பாய்ச்சினால், அவற்றின் மேற்பரப்பு மட்டும் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. நுரைக்காத பாலிப்ரொப்பிலீன் லிட்டருக்கு ஏறத்தாழ 900 கிராம். 30 மடங்கு உப்பினால் லிட்டருக்கு 30 கிராம். பார்வைக்குத் தெர்மாகோல் போலவே இருக்கும். ஆனால் தெர்மாகோல் ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான். இது பெருமளவு மீண்டெழும், அடுத்த மோதலையும் தாங்கும். பம்பருக்குள்ளும் டிக்கியில் கருவிகளை வைக்கும் தட்டிலும் இதைப் போடுவது அதனால்தான். லிட்டருக்கு 20 கிராம் முதல் 200 கிராம் வரையிலான தரங்கள் சந்தையில் நெடுங்காலமாகக் கிடைக்கின்றன. எனவே "45 முதல் 60 கிராம் வரை" என்று ஒருவர் உரிமை கோரும்போது, அவர் ஏற்கெனவே பலர் நடந்த நிலத்தில்தான் வேலி போடுகிறார். அந்த இடத்தில் வேலி ஏன் என்பதற்குக் காரணம் கேட்பது ஆய்வாளரின் கடமை.

சட்டம் என்ன கேட்கிறது? காப்புரிமைச் சட்டம், 1970-இன் 2(1)(ஜேஏ) பிரிவின்படி, புத்தாக்கப் படி என்றால், கண்டுபிடிப்பில் இருக்கும் ஓர் அம்சம் ஏற்கெனவே உள்ள அறிவைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமாகவோ, பொருளாதார முக்கியத்துவம் உடையதாகவோ, இரண்டுமாகவோ இருக்க வேண்டும். அதோடு, அத்துறையில் தேர்ந்த ஒருவருக்கு அது வெளிப்படையாகத் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். பலர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். "எங்கள் பாகம் 200 கிராம் எடை குறைவு, ஆகவே பொருளாதார முக்கியத்துவம் உண்டு" என்று பதில் எழுதுகிறார்கள். அடர்த்தியைக் குறைத்தால் எடை குறையும் என்பது எவருக்கும் தெரிந்தது; இரண்டாம் பாதி அங்கே நிறைவேறவில்லை. பாத்திரங்களைக் கடைசலுக்குப் பிடித்துக்கொள்ளும் ஒரு சாதனத்தைப் பற்றிய பிஷ்வநாத் பிரசாத் வழக்கில், பட்டறையில் இயல்பாகச் செய்யும் மேம்பாட்டைவிடக் கூடுதலான ஒன்று வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் சொன்னது. அது பழைய 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கு என்றாலும், அந்த அளவுகோலை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

இனி, நுரைப் பாகங்களுக்கே உரிய சிக்கல். இதை ஓர் அனுபவத்தோடு சொல்கிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை, தொழில்நுட்ப விவரத்தையும் சற்று மாற்றியிருக்கிறேன். ஒரு பாகத் தயாரிப்பாளர் உங்களைப் போலவே பம்பர் நுரைக்கு விண்ணப்பித்திருந்தார். முதல் கிளெய்மில், அதாவது உரிமை கோரும் முதல் வாசகத்தில், குமிழியின் சராசரி விட்டம் 130 முதல் 170 மைக்ரான் என்று இருந்தது. ஆய்வாளர் காட்டிய முதல் ஆவணத்தின் அட்டவணையில் 90 மைக்ரான் என்று இருந்தது. நிறுவனத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. "90 எங்கே, 130 எங்கே, புதுமை தெளிவாக இருக்கிறது" என்று பதிலின் வரைவையே அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஆவணத்தில் அளந்த முறை என்ன என்று பின்பக்கங்களைத் தேடிப் படித்தேன். நுரையைக் கூரிய பிளேடால் வெட்டி, வெட்டுமுகத்தை நுண்ணோக்கியில் படம் எடுத்து, படத்தின் மேல் ஒரு நேர்கோடு வரைந்து, கோட்டின் நீளத்தை அது கடந்துசென்ற குமிழிகளின் எண்ணிக்கையால் வகுத்திருந்தார்கள். 90 மைக்ரான் என்பது அப்படிக் கிடைத்த சராசரி நாண் நீளம். அது விட்டம் அன்று. பிளேடு எல்லாக் குமிழிகளையும் நடுவில் வெட்டுவதில்லை. ஒரு குமிழியின் ஓரத்தைச் சீவும், இன்னொன்றைப் பாதிக்குச் சற்று மேலே வெட்டும். ஆகவே படத்தில் தெரியும் வட்டங்கள் உண்மையான குமிழியைவிடச் சிறியவை. நாம் வரைந்த கோடும் அந்த வட்டங்களின் நடுவிலேயே செல்வதில்லை. இந்த இரண்டு குறைவுகளையும் ஈடுசெய்ய, சோதனைத் தரங்களை வகுக்கும் ஏ.எஸ்.டி.எம். அமைப்பின் டி3576 முறை நாண் நீளத்தை 0.616-ஆல் வகுக்கச் சொல்கிறது. அந்த 0.616 என்பது பை/4 என்பதை இருமுறை பெருக்கினால் வரும் எண்: வெட்டுமுகத்துக்கு ஒருமுறை, கோட்டுக்கு ஒருமுறை. 90-ஐ அப்படி வகுத்தால் ஏறத்தாழ 146 மைக்ரான் வருகிறது. எங்கள் கட்சிக்காரரின் 130 முதல் 170 வரையிலான வரம்புக்கு நட்டநடுவில்!

அவர்களுடைய ஆய்வகம் இந்தத் திருத்தத்தைச் செய்துதான் விட்டத்தைக் கணக்கிட்டிருந்தது; ஆனால் அந்த முறை விவரக்குறிப்பில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. இதனால் இரண்டு பக்கமும் அடி. முறையைச் சொன்னால் முந்தைய ஆவணம் கிளெய்முக்குள் வந்து விழுகிறது. சொல்லாவிட்டால், எதை அளந்தோம் என்றே தெரியாத ஓர் எண்ணுக்கு உரிமை கேட்டதாகிறது; 10-ஆம் பிரிவின் கீழ், போதிய விவரமும் தெளிவும் இல்லை என்ற ஆட்சேபம் நிற்கிறது. முறையை மறைத்து வாதாட முடியாதா என்று ஒருவர் கேட்டார். முடியாது என்று சொன்னேன். உண்மையில்லாத வேறுபாட்டைக் காட்டிப் பெற்ற காப்புரிமையைப் பின்னால் ஒரு போட்டியாளர் எளிதாகக் கவிழ்த்துவிடுவார் என்பது ஒரு காரணம், அப்படிப் பெறுவதே சரியில்லை என்பது இன்னொரு காரணம். நுரை சார்ந்த விண்ணப்பத்தில் அடர்த்தி என்றால் ஐ.எஸ்.ஓ. 845, மூடிய குமிழிகளின் விகிதம் என்றால் ஐ.எஸ்.ஓ. 4590 என்று, அளந்த முறையை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மோல்டின் சுவரை ஒட்டிய தோலையும் சேர்த்து அளந்தீர்களா, சீவிவிட்டு அளந்தீர்களா என்பதையும் சொல்லுங்கள். தோலோடு அளந்தால் அடர்த்தி கூடிவிடும்.

அந்த விண்ணப்பம் பிழைத்தது வேறொரு இடத்தில். பாகத்தின் முன்பகுதியில் மென்மையான, குறைந்த அடர்த்தி மணிகளும், பின்பகுதியில் கெட்டியான மணிகளும் இருந்தன. ஒரே மோல்டில் இரண்டையும் சேர்த்து வார்த்திருந்தார்கள். இரட்டை அடர்த்தி என்பது தெரிந்த உத்திதான். ஆனால் இரண்டும் சந்திக்கும் இடம் தட்டையாக இருந்தால் மூன்றாவது மோதலில் அங்கே பிளவு விழுந்தது. சீப்பின் பற்களைப் போல ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்தால் பிளவு விழவில்லை. அதிலும், பல்லின் அகலம் மணியின் விட்டத்தைப்போல நான்கு மடங்குக்குக் குறைந்தால் மணிகள் பல்லின் நுனிவரை போய் நிரம்பாமல் இடையில் வெற்றிடம் விட்டன. தொழிற்கூடத்தில் வெட்டிவைத்திருந்த அந்தத் துண்டை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். நன்றாக நிரம்பிய பற்களில் மணிகள் ஒன்றையொன்று நெருக்கித் தேன்கூடு போலப் பலகோணமாகியிருந்தன. நிரம்பாத பல்லின் நுனியிலோ அவை இன்னும் உருண்டையாகவே, விரலால் தேய்த்தால் உதிரும் நிலையில் இருந்தன. இந்த நான்கு மடங்கு என்னும் எண், முதல் கிளெய்மில் இல்லாமல் ஏழாவது கிளெய்மில் ஒதுங்கிக் கிடந்தது. ஆனால் அதற்கு மூன்று ஒப்பீட்டு எடுத்துக்காட்டுகளும் படங்களும் விவரக்குறிப்பிலேயே இருந்தன. ஏழாவதை முதலாவதோடு சேர்த்தோம், குமிழி விட்டத்தைப் பற்றிய வாதத்தைக் கைவிட்டோம். விசாரணைக்குப் பிறகு காப்புரிமை கிடைத்தது.

எனவே உங்கள் விவரக்குறிப்பைத் திறந்து, "ஒப்பீட்டு எடுத்துக்காட்டு" என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் முதலில் கோடிடுங்கள். எதை மாற்றியபோது எது கெட்டது என்பது அங்கேதான் இருக்கும், உங்கள் கண்டுபிடிப்பும் அநேகமாக அங்கேதான் இருக்கும். அங்கே இல்லாததைப் புதிதாகச் சேர்க்க முடியாது. 59-ஆம் பிரிவு திருத்தத்துக்கு மிகக் குறுகிய வாசலையே திறக்கிறது: உரிமையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கலாம், பிழையைத் திருத்தலாம், விளக்கலாம், ஆனால் திருத்திய கிளெய்ம் முழுவதும் பழைய கிளெய்மின் எல்லைக்குள்ளேயே அடங்க வேண்டும். புதிய சோதனை முடிவுகளைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்து, ஏற்கெனவே எழுதியிருக்கும் ஒரு பயனை உறுதிப்படுத்தலாம். எழுதாத பயனை அதைக் கொண்டு உண்டாக்க இயலாது.

"வாகனங்களுக்கான" என்ற சொல்லை நம்பி இருக்காதீர்கள். மின்னணுச் சாதனத்தைப் பொதிவதற்கான நுரையைப் பற்றிய ஆவணத்தில் அதே மணி, அதே அடர்த்தி, அதே அமைப்பு இருந்தால், பயன்பாடு வேறு என்பது பொருளுக்கான கிளெய்மைக் காப்பாற்றாது. தேடலிலும் இதே தவறு நடக்கிறது. பொறியாளர்கள், காப்புரிமை வகைப்பாட்டில் பம்பர்கள் இருக்கும் பி60ஆர் 19 வகுப்பில் மட்டும் தேடிவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். ஆபத்தான ஆவணமோ நுண்துளைப் பொருள்களுக்கான சி08ஜே 9-இலோ, நுரைத்து வார்க்கும் முறைகளுக்கான பி29சி 44-இலோ இருக்கும். பிசினோடு ரப்பரையோ டால்க் பொடியையோ கலந்திருந்தால், வெறும் கலவை என்று 3(ஈ) பிரிவும் எழக்கூடும். சேர்ந்தபோது கிடைத்த பயன் தனித்தனிப் பயன்களின் கூட்டுத்தொகையைவிட அதிகம் என்பதற்கு அப்போது அட்டவணை தேவைப்படும்.

நைட்ரஜனை, வாயுவின் தன்மையும் திரவத்தின் தன்மையும் சேர்ந்த மீஉய்ய நிலையில், உருகிய பிளாஸ்டிக்கில் கரைத்து ஊசிமோல்டிங் செய்யும் நுண்குமிழி முறையைச் சேர்ந்த விண்ணப்பங்களுக்கும் இது பொருந்தும். அந்த வழியின் அடிப்படையான, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்.ஐ.டி.) காப்புரிமை 1984-லேயே அமெரிக்காவில் வழங்கப்பட்டுக் காலாவதியும் ஆகிவிட்டது. வாயுவைக் கரைத்தோம், எடை குறைந்தது என்பது இன்று எல்லோருக்கும் சொந்தமான அறிவு. மேற்பரப்பில் வரும் வெள்ளிக் கோடுகளை எப்படித் தவிர்த்தீர்கள், மோல்டை எந்தக் கணத்தில் எவ்வளவு பின்னிழுத்தீர்கள் என்பன போன்ற இடங்களில்தான் இன்னும் உரிமை கேட்க இடமிருக்கிறது.

நடைமுறையைப் பற்றி: அறிக்கை அனுப்பப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் எல்லா ஆட்சேபங்களுக்கும் பதில் தர வேண்டும், அந்தக் காலம் முடிவதற்குள் கேட்டால் 3 மாத நீட்டிப்பு உண்டு. அதையும் தவறவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே 21-ஆம் பிரிவு கொள்ளும். பதிலுக்குப் பிறகும் ஆட்சேபம் நின்றால் விசாரணை வைப்பார்கள். அது முடிந்து 15 நாளுக்குள் எழுத்துவாதம் தர வேண்டும். அதன் பிறகும் மறுக்கப்பட்டால் 3 மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். முன்பு இதைக் கேட்ட தீர்ப்பாயம் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டது.

சோதனைக்காக வார்த்த பழைய துண்டுகளை, தோற்றுப்போனவை உட்பட, இப்போதே தேடி எடுத்துத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். ஆய்வாளர் காட்டிய இரண்டு ஆவணங்களிலும் குமிழியை எப்படி அளந்தார்கள் என்ற பத்தியைக் கண்டுபிடித்து, அந்த முறையிலேயே உங்கள் துண்டையும் ஒருமுறை அளந்து பாருங்கள். அந்த எண் கைக்கு வந்த பிறகு பதிலின் முதல் வரியை எழுதத் தொடங்குங்கள்.