கருத்தும் அணியும்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் தளத்தைப் பல ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல் முறை. நான் கணக்கராக வேலை பார்ப்பவன். எந்தக் கட்சியிலும் உறுப்பினன் அல்ல, எந்தத் துறையிலும் அறிஞனும் அல்ல. ஆனால் நாள்தோறும் செய்தி வாசிக்கிறேன், தவறாமல் வாக்களிக்கிறேன், பொது விஷயங்களைப் பற்றி எனக்கென்று சில கருத்துகளும் வைத்திருக்கிறேன்.

குழந்தைகளைக் கொன்றவர்களுக்கு மரண தண்டனை வேண்டும் என்று நினைக்கிறேன். கருவைச் சுமப்பதா கலைப்பதா என்பதை அந்தப் பெண்ணே முடிவுசெய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். உயிருக்கு அஞ்சி ஓடி வருகிறவர்களுக்கு அடைக்கலம் தர வேண்டும். அதே சமயம், எத்தனை பேர் குடியேறலாம் என்று வரையறுக்கும் உரிமையை ஒரு நாடு விட்டுவிடவும் கூடாது. நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். ஆனால் மதத்தின் பெயரால் சட்டம் இயற்றுவதை ஏற்காதவன்.

சென்ற மாதம் நண்பர்கள் கூடியிருந்தபோது இவற்றைச் சொன்னேன். ஒருவர் என்னைப் பிற்போக்காளன் என்றார். அரை மணி நேரத்தில் இன்னொருவர் நான் மரபுக்கு விரோதி என்றார். கடைசியில் அவர்கள் இருவரும் ஒன்றுபட்டது ஒரே விஷயத்தில்தான்: எனக்குத் தெளிவு இல்லை. "முதலில் எந்தப் பக்கம் என்று முடிவுசெய், பிறகு பேசு" என்றார்கள். இனி எதற்கு வம்பு, பேசாமல் இருந்துவிடுங்கள் என்கிறார் என் மனைவி.

என் கருத்துகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா? நிபுணன் அல்லாத என்னைப் போன்றவன் இத்தகைய விஷயங்களில் கருத்துச் சொல்லலாமா, வாய் மூடி இருப்பதே பண்பா? உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். நீங்கள் சொல்லியிருக்கும் நான்கில் மூன்றை ஏறத்தாழ நானும் ஏற்கிறேன், ஒன்றை ஏற்கவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் நான் ஏற்காத அந்த ஒன்றுகூட மற்ற மூன்றோடு முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்று மெய்யானால் மற்றது பொய்யாக வேண்டும் என்ற நிலை இருந்தால்தான் இரண்டு கருத்துகள் முரண்படுகின்றன. மரண தண்டனை வேண்டும் என்பதும் கருவைப் பற்றிப் பெண்ணே முடிவெடுக்க வேண்டும் என்பதும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்கிறவர்களை உங்கள் நண்பர்கள் அதிகம் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

எந்தக் கருத்தோடு எந்தக் கருத்து சேர்ந்து வரும் என்பதை ஒரு காலத்தின் கூட்டணிகள்தாம் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்ட் சபை இன்று கருக்கலைப்பை உறுதியாக எதிர்க்கும் அமைப்பு. ஆனால் அதே சபை, 1971-இல், பாலியல் வன்முறை, தாயின் உடல்நலம், மனநலம் போன்ற சில சூழல்களில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்துக்காக உழைக்குமாறு தன் உறுப்பினர்களைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. கத்தோலிக்கத் திருச்சபை கருக்கலைப்பை எதிர்க்கிறது. 2018-இல் மரண தண்டனையும் ஏற்கத்தக்கதல்ல என்று தன் போதனை நூலைத் திருத்திக்கொண்டது. உங்கள் நண்பர்கள் இருவரும் தத்தம் அளவுகோலை வைத்து அந்தத் திருச்சபை எந்தப் பக்கம் என்று சொல்ல முயன்றால், உங்களிடம் நேர்ந்ததுபோலவே அரை மணி நேரத்தில் இரண்டு விடைகள் கிடைக்கும். அடைக்கலம் பற்றி நீங்கள் சொன்னதில் குழப்பம் துளியும் இல்லை. அகதிகள் தொடர்பான 1951 உடன்படிக்கையே, உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. வேலை தேடியோ வேறு காரணங்களுக்காகவோ குடியேற விரும்புகிறவர்களில் எத்தனை பேரை ஏற்பது என்பதை அந்தந்த நாட்டின் முடிவுக்கே விட்டுவிடுகிறது. நீங்கள் சொன்ன இரண்டு பாதிகளும் அங்கே பக்கம் பக்கமாகவே இருக்கின்றன.

உங்கள் இரண்டாவது கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிபுணன் அல்லாதவனுக்குக் கருத்து எதற்கு என்று கேட்பவர்களிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொள்வோம். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஆய்வாளர்கள் சிலர், '1975ஆம் ஆண்டின் பொது விவகாரச் சட்டத்தை' நீக்கலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். அப்படி ஒரு சட்டமே இல்லை. இருந்தும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நீக்கலாம் என்றோ கூடாது என்றோ கருத்துச் சொன்னார். அவர்களை மூடர்கள் என்று நான் நினைக்கவில்லை. கேள்வி கேட்கப்பட்டதும் விடை சொல்லியாக வேண்டும், தெரியாது என்றால் மதிப்புக் குறைந்துவிடும் என்ற அச்சம் நம் எல்லோரிடமும் உண்டு. 'இதைப் பற்றி இன்னும் எனக்குக் கருத்து இல்லை' என்று ஒரு குடிமகன் சொன்னால் அதுவும் முழுமையான, மதிக்கத்தக்க விடைதான். உங்கள் பட்டியல் நான்கோடு நின்றது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் நிபுணர்களிடமே விட்டுவிடலாம் என்றால், அவர்கள் எதுவரை வருவார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மரண தண்டனை கொலைகளைக் குறைக்கிறதா என்பது அளந்து பார்த்துச் சொல்லக்கூடியது போலத் தோன்றும் கேள்வி. அமெரிக்க தேசிய ஆய்வுக் கழகம் அதுவரை வந்திருந்த ஆய்வுகளையெல்லாம் பரிசீலித்து 2012-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அத்தண்டனை கொலைகளைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா, எந்த விளைவும் இல்லாமல் இருக்கிறதா என்பதை அந்த ஆய்வுகளிலிருந்து அறிய முடியாது, ஆகவே கொள்கை முடிவுகளுக்கு அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்பதே அந்த அறிக்கையின் முடிவு. நிபுணர்கள் தங்கள் எல்லையை நேர்மையாகச் சொல்லி, கேள்வியை நம் கையிலேயே திருப்பிக் கொடுத்த இடம் அது. அதன் பிறகு எஞ்சுவது, அரசு நம் பெயரால் ஒருவரைக் கொல்லலாமா என்பது. அதற்கு நிபுணர் என்று யாரும் இல்லை.

சாதாரண மனிதர்களுக்கு நேரமும் தகவலும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து ஒரு நல்ல சாட்சி. கருவில் உள்ள உயிருக்கும் தாயின் உயிருக்கும் சம உரிமை என்று கூறும் திருத்தத்தை 1983-இல் அந்நாட்டு மக்கள் பொதுவாக்கெடுப்பில் 66.9 விழுக்காடு ஆதரவோடு அரசமைப்புச் சட்டத்தில் சேர்த்தார்கள். 2012-இல் கால்வே நகர மருத்துவமனையில் சவிதா ஹலப்பனாவர் என்ற இளம் பல் மருத்துவர், கரு பிழைக்காது என்று தெரிந்த பிறகும் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, குருதியில் தொற்று பரவி இறந்தார். அந்த மரணம் நாட்டை உலுக்கியது. பின்னர் அரசு, வாக்காளர்களிலிருந்து குலுக்கல் போன்ற முறையில் 99 பேரைத் தேர்ந்தெடுத்து, உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குடிமக்கள் பேரவை ஒன்றை அமைத்தது. 2016 இறுதியிலிருந்து 2017 ஏப்ரல் வரை ஐந்து வார இறுதிகள் அவர்கள் இந்த ஒரே விஷயத்துக்காகக் கூடினார்கள். மருத்துவர்களையும் சட்ட வல்லுநர்களையும் இரு தரப்பு இயக்கங்களையும் கேட்டார்கள். பிறகு வாக்களித்துப் பரிந்துரை செய்தார்கள். 2018 மே மாதம் அந்தத் திருத்தத்தை நீக்க மக்கள் 66.4 விழுக்காடு வாக்களித்தார்கள். 35 ஆண்டுகளில் ஒரு நாடு ஏறத்தாழ அதே அளவு பெரும்பான்மையோடு எதிர்த்திசைக்குத் திரும்பியது. அந்தப் பரிந்துரையை உருவாக்கியவர்கள் உங்களையும் என்னையும் போன்றவர்கள்.

இனி நான் ஏற்காததைச் சொல்கிறேன். குழந்தைகளைக் கொன்றவர்களைத் தூக்கிலிட வேண்டும் என்று நானும் ஒரு காலத்தில் எழுதியவன்தான். அந்தக் கட்டுரை வெளிவந்த சில வாரங்களில், மகளைக் கொலையில் பறிகொடுத்த ஒரு நண்பரின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருக்காகப் பேசியிருக்கிறேன் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அவர் உள்ளே போய் அந்த இதழை எடுத்துவந்து மேசைமேல் விரித்தார். ஒரே ஒரு வாக்கியத்தின் கீழ் பென்சிலால் கோடு இட்டிருந்தார். 'இழந்தவர்களின் குடும்பத்துக்கு இதைவிடக் குறைந்த எதுவும் நீதி ஆகாது' என்பது அந்த வாக்கியம். "எந்தக் குடும்பத்தைக் கேட்டு எழுதினீர்கள்?" என்றார். குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியே கேட்டார். நான் யாரையும் கேட்டிருக்கவில்லை. சிறிது நேரம் கழித்து, "தூக்கில் போட வேண்டாம் என்றும் எனக்காக எழுதிவிடாதீர்கள். அதையும் நான் சொல்லவில்லை" என்றார். பிறகு தேநீர் கொண்டுவந்தார். வேறு விஷயங்கள் பேசினோம். அந்தப் பென்சில் கோடு இன்றும் என் கண்ணில் நிற்கிறது. என் கருத்து அன்றே மாறிவிடவில்லை. ஆனால் அவருடைய துயரத்தை என் வாதத்துக்கு முட்டாகக் கொடுத்திருந்தேன் என்பது புரிந்தது. அதை எடுத்துவிட்ட பிறகு வாதம் தன் காலில் நிற்கிறதா என்று பார்க்கத் தொடங்கினேன்.

அது நிற்கவில்லை. அதை என்னிடம் கடைசியாகச் சாய்த்தது டிமத்தி எவன்ஸின் வழக்கு. ஒரு வயதைச் சற்றே தாண்டிய தன் மகளைக் கொன்றதாக லண்டனில் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1950 மார்ச்சில், 25ஆவது வயதில், தூக்கிலிடப்பட்டார். நீங்கள் எந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை கேட்கிறீர்களோ அதே குற்றம். அவருக்கு எதிராகச் சொல்லப்பட்ட சாட்சியங்களில் முதன்மையானது அதே வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஜான் கிறிஸ்டியின் சாட்சியம். மூன்று ஆண்டுகள் கழித்து, அந்தக் கிறிஸ்டி குடியிருந்த பகுதியின் சமையலறைச் சுவருக்குப் பின்னாலும் தரைக்கு அடியிலும் தோட்டத்திலும் பெண்களின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. எவன்ஸின் மனைவியைக் கொன்றதையும் அவர் ஒப்புக்கொண்டார். 1966-இல் எவன்ஸுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. தீர்ப்பு வந்த நாளில் உங்களைப் போன்ற, அன்று என்னைப் போன்ற நல்லவர்கள், ஒரு குழந்தைக்கு நீதி கிடைத்துவிட்டது என்றே நம்பியிருப்பார்கள். கொடூரமான குற்றம் என்பதே நம்மை அவசரப்படுத்துகிறது. அவசரம் பிழைக்கு வழிவிடுகிறது. இந்த ஒரு தண்டனையில் மட்டும் பிழையைத் திருத்த ஆள் உயிரோடு இருப்பதில்லை.

திருத்துவது என்று சொல்லும்போதெல்லாம் கிரேக்க வரலாற்றின் ஒரு நாள் என் நினைவுக்கு வரும். கி.மு. 427-இல் மிட்டிலீன் நகரம் ஏதென்ஸுக்கு எதிராகக் கிளர்ந்து தோற்றது. ஏதென்ஸ் குடிமக்கள் பேரவையில் கூடி, அந்நகரின் வளர்ந்த ஆண்கள் அனைவரையும் கொல்லவும் பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கவும் கோபத்தோடு முடிவெடுத்தார்கள். ஆணையோடு ஒரு கப்பல் புறப்பட்டது. மறுநாளே பலருக்கு மனம் உறுத்தியது. மீண்டும் கூடினார்கள். கொல்லத்தான் வேண்டும் என்று கிளியோன் வாதிட்டார். அவரை மறுத்த டியோடோட்டஸ் இரக்கத்தின் பெயரால் பேசவில்லை. மரண தண்டனைகள் எத்தனை இருந்தும் மனிதர்கள் நம்பிக்கையாலும் ஆசையாலும் உந்தப்பட்டுத் துணிந்து குற்றம் செய்துகொண்டேதான் இருக்கிறார்கள் என்று வாதிட்டார். கைகளை உயர்த்தச் சொன்னபோது இரு தரப்பும் ஏறத்தாழ சமமாக இருந்தன. டியோடோட்டஸின் பக்கம் வென்றது. உடனே இரண்டாவது கப்பல் விரைந்தது. துடுப்பை நிறுத்தாமலேயே, மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த வாற்கோதுமை மாவை உண்டு, முறைவைத்து உறங்கி, அந்தத் துடுப்புக்காரர்கள் போய்ச் சேர்ந்தபோது, தளபதி முதல் ஆணையைப் படித்து நிறைவேற்றத் தயாராகிக்கொண்டிருந்தார். நகரம் தப்பியது. ஆனாலும் கிளர்ச்சியில் முதன்மையானவர்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். பதினோரு ஆண்டுகள் கழித்து மெலோஸ் தீவில் அதே ஏதென்ஸ் எந்த மறுபேச்சும் இல்லாமல் அதே கொடுமையைச் செய்தது. ஆகவே அவர்களை நான் உத்தமர்கள் என்று சொல்லவில்லை. தாங்கள் எடுத்த முடிவை மறுநாள் காலையில் மறுபடி பார்க்க அந்த ஒரு நாள் அவர்களுக்கு முடிந்தது என்பதைத்தான் நான் மதிக்கிறேன். அணி சேர்ந்துவிட்டவர்களுக்கு அது மிகக் கடினம். கருத்தை மாற்றினால் நண்பர்களையும் சேர்த்து இழக்க வேண்டியிருக்கும் அல்லவா?

உங்கள் மனைவியின் கவலை நியாயமானது. உறவுகள் விலை உயர்ந்தவை. எல்லாக் கூட்டத்திலும் எல்லாவற்றையும் பேசியாக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர், கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி ஒரு சோதனை செய்தார். அறையில் இருந்த மற்ற எல்லோரும் ஏற்பாட்டின்படி தவறான விடையைச் சொன்னபோது, கண்ணெதிரே தெரிந்ததை மறுத்து அவர்களோடு ஒத்துப்போனவர்கள் பலர். ஏற்பாட்டின்படி பேசியவர்களில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், அப்படி ஒத்துப்போவது பெரிதும் குறைந்தது. அன்று உங்கள் நண்பர்கள் இருவர் பேசினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எழுதவில்லை. அவர்களில் ஒருவராவது உங்களைப் போலவே இரண்டு பக்கங்களிலும் அடங்காதவராக இருந்திருக்கலாம்.

மரண தண்டனையைப் பற்றி நான் சொன்னதை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. எவன்ஸின் வழக்கு தெரிந்த பிறகும் உங்கள் கருத்து அப்படியே நிற்கிறது என்றால், எந்தக் காரணத்தால் நிற்கிறது என்று எனக்கு எழுதுங்கள். அதை வெட்டாமல் இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்.