வேப்பமரத்துக்கு மூன்று விலை

வாடைக்காற்று தொடங்க இன்னும் சில வாரங்கள்தான். வழக்கம்போல மரத்தைப் பற்றிய கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு, மரம் வெட்ட ஆள் பிடிப்பதைப் பற்றி மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் கொல்லையில் முப்பது வயது வேப்பமரம் நிற்கிறது. ஒரு பெரிய கொப்பு ஓட்டுக்கு மேலே நீண்டிருக்கிறது. மரமும் வீட்டுப் பக்கம் சாய்ந்த மாதிரி தெரிகிறது. மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஒருவர் 18,000 ரூபாய் கேட்கிறார், இன்னொருவர் 9,000. மூன்றாமவர், "காசே வேண்டாம், மரத்தை நான் எடுத்துக்கிறேன்" என்கிறார். அவரிடமே விட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். சரிதானா?
— உச்சிப்புளி வாசகி

பதில்: விலைக்கு முன்னால் ஒரு விஷயம். மரத்தை எடுக்கத்தான் வேண்டுமா? நீங்கள் கூப்பிட்ட மூன்று பேருமே மரம் வெட்டிப் பிழைப்பவர்கள். "வெட்ட வேண்டாம்" என்று அவர்கள் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

சாய்வு பழையதா புதியதா என்று நீங்களே பார்க்கலாம். அடியில் சாய்ந்து, மேலே போகப்போக நிமிர்ந்திருந்தால் அது சின்ன வயதிலேயே சாய்ந்து, அப்படியே வளர்ந்த மரம். பயமில்லை. அடியிலிருந்து நுனி வரை ஒரே கோடாகச் சாய்ந்திருந்தால், சாய்வுக்கு எதிர்ப்பக்கம் வேரடி மண்ணைப் பாருங்கள். மண் வெடித்தோ மேடிட்டோ இருந்தால் வேர் பிடி விடுகிறது என்று அர்த்தம். உங்கள் ஊர் மணல் தரையில், மழையும் காற்றும் சேர்ந்து வரும் நாளில் அது ஆபத்து. அடிமரத்தைக் கட்டையால் தட்டிப் பாருங்கள், டொக்கு டொக்கென்று பொள்ளலாகக் கேட்கிறதா? தூரில் காளான் முளைத்திருக்கிறதா? இவற்றில் எதுவுமே இல்லையென்றால் ஓட்டின் மேல் இருக்கிற கொப்பை மட்டும் எடுத்து, மேலே கொஞ்சம் கலைத்துவிட்டால் போதும். சித்திரை வெயிலில் அந்த நிழலுக்கு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

"மொத்தமா மொட்டை அடிச்சிடலாம், ரெண்டு வருஷத்துக்குக் கவலையில்லை" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேம்பு துளிர்த்துவிடும்தான். ஆனால் மொட்டை அடித்த இடத்தில் கொத்தாக வரும் கொப்புகள் பட்டையை ஒட்டித்தான் பிடித்திருக்கும். அடுத்த பெருங்காற்றில் முதலில் ஒடிவது அவைதான்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் அந்த இலவசக்காரரைக் கவனிப்போம். வேம்பு கரையான் லேசில் தொடாத மரம். நிலை, கதவு, சன்னல் என்று எல்லாவற்றுக்கும் போகும். அதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலை அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம். கணக்கு சுலபம். ஒரு நூலை எடுத்து அடிமரத்தின் நடுவில் சுற்றி அளந்துகொள்ளுங்கள். சுற்றளவு 4 அடி, கொப்பு பிரியும் வரை நீளம் 8 அடி என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவில் கால்பாகம் 1 அடி. அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கினால் 8 கன அடி. மரக்கடையில் போடுகிற கணக்கு இதுதான். (உண்மையில் அந்த உருண்டைக்குள் 10 கன அடிக்குச் சற்று மேலேயே இருக்கும். மீதி பட்டைக்கும் அறுவைச் சேதாரத்துக்கும் என்று விட்டுவிடுவது பழைய வழக்கம்.) இந்த எண்ணை வைத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் இரண்டு சா மில்லில் வேம்பு கன அடி என்ன விலை போகிறது என்று கேளுங்கள். விறகாக எடை போட்டு எடுப்பதாகச் சொன்னால் எடைமேடைச் சீட்டைக் கேளுங்கள். லாரி காலியாக ஒரு தடவை, பாரத்தோடு ஒரு தடவை, இரண்டு சீட்டும் வேண்டும். அதற்கப்புறம் அந்த "இலவசம்" உங்களுக்குப் பிடிக்கிறதா பாருங்கள்.

18,000-க்கும் 9,000-க்கும் நடுவில் இருப்பது பேராசையாக இருக்கலாம், வேலையாகவும் இருக்கலாம். இரண்டு பேரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். கொப்பைக் கயிறு கட்டி இறக்குவாரா, அப்படியே தள்ளிவிடுவாரா? மரம் யாருக்கு? தழையையும் மிலாறையும் யார் அள்ளுவது? அடிக்கட்டையைத் தரைமட்டத்தில் அறுத்துவிட்டுப் போவாரா, தூரோடு தோண்டி எடுத்துக் குழியை மூடுவாரா? ஓடு உடைந்தால் யார் பொறுப்பு? 9,000 சொன்னவர் இதில் பாதிக்கு "அது தனி" என்று சொன்னால் இரண்டு விலையும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுப் பூவரசை எடுக்க வந்தவரிடம், மரம் சாய்ந்ததுமே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். நல்ல பெருத்த துண்டுகளை அன்று சாயங்காலமே ஏற்றிக்கொண்டு போனார். தழையை அள்ள நாளைக்கு வண்டி வரும் என்றார். அந்த நாளை வரவே இல்லை. ஆட்டுக்காரர்கள் ஆடுகளுக்கு எடுத்துக்கொண்டது போக மிச்சத்தை நானே கூலி கொடுத்து அள்ளினேன். அதனால் சொல்கிறேன், முன்பணம் கால்பங்குக்கு மேல் வேண்டாம். மீதி, வாசல் பெருக்கின பிறகு. பேசினதை நோட்டுத் தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, படமெடுத்து அவருடைய வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிடுங்கள்.

ஆள் வேலை தெரிந்தவரா என்று பார்க்க எனக்குப் பிடித்த ஒரு கேள்வி உண்டு: "அந்தப் பெரிய கொப்பில் முதல் வெட்டை எங்கே போடுவீங்க?" அடிப்பக்கத்திலிருந்து கொஞ்சம் வெட்டி, அப்புறம் நுனிப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி மேலிருந்து அறுப்பேன் என்று சொன்னால் தைரியமாகக் கொடுங்கள். மேலிருந்து ஒரே அறுப்பு என்றால், கொப்பு பாரத்தில் ஒடியும்போது அடிமரத்துப் பட்டையையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். மரத்தை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அந்தக் காயம் ஆறாது.

கேள்வி: சாயல்குடி பக்கம் எங்கள் பட்டா நிலத்தில் ஒன்பது பனை நிற்கிறது. வீடு கட்ட அதில் நாலை எடுக்க வேண்டும். "உங்க பட்டா, உங்க மரம், யாரும் கேட்க மாட்டாங்க, ராத்திரியோட முடிச்சிடலாம்" என்கிறார் மரக்காரர். அட்வான்ஸும் கேட்கிறார்.

பதில்: ராத்திரியோடு முடிக்கலாம் என்று சொல்லும்போதே யாரோ கேட்பார்கள் என்று அவருக்குத் தெரிகிறது அல்லவா? பனை தமிழ்நாட்டின் மாநில மரம். செங்கல் சூளைக்கு விறகாகப் பனைகள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்த நிலையில், 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு ஒரு கட்டுப்பாட்டை அறிவித்தது. தவிர்க்க முடியாமல் பனையை வெட்ட வேண்டுமென்றால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். பட்டா நிலம் என்பது இதற்குப் பதிலாகாது. சர்வே எண், எத்தனை மரம், ஏன் வெட்ட வேண்டும் என்ற விவரங்களோடு மனுக் கொடுங்கள். அனுமதி கைக்கு வரும்வரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அனுமதி வராவிட்டால் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவது லேசில்லை.

அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். வீட்டு வரைபடத்தைப் பத்தடி நகர்த்தினால் நாலில் எத்தனை தப்பும் என்று கொத்தனாரைக் கேளுங்கள். பனை வேர் ஆலமரம் மாதிரி கிளைத்துத் தடித்துச் சுவரைப் பிளக்கிற வேர் இல்லை. மெல்லிய சல்லி வேர்க்கொத்துதான்.

கேள்வி: தங்கச்சிமடத்தில் வீடு. தென்னை மட்டை கரண்ட் கம்பியில் உரசி, காற்றடித்தால் பொறி பறக்கிறது. தேங்காய் வெட்டுகிறவர், "ஃபியூஸைப் பிடுங்கிட்டு நானே பார்த்துக்கிறேன்" என்கிறார். விடலாமா?

பதில்: கூடவே கூடாது. உங்கள் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கினால் உங்கள் வீட்டுக்குள்தான் கரண்ட் நிற்கும். தெருக்கம்பியில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அவர் கையில் இருப்பது அலுமினியத் துரட்டியாக இருந்தால் அதை நினைக்கவே பயமாக இருக்கிறது. பச்சை மட்டையும் கரண்டைக் கடத்தும். உப்புக்காற்றின் ஈரம் படிந்திருக்கிற உங்கள் ஊரில் இன்னும் கவனம் வேண்டும்.

உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். மின்னகம் 94987 94987 எண்ணிலும் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் லைனை நிறுத்தி, ஆள் நிற்கும்போதுதான் மரத்தில் கை வைக்க வேண்டும். ஏறுகிறவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். தென்னை ஏறுகிறவர்களுக்கென்றே தென்னை வளர்ச்சி வாரியம் 'கேரா சுரக்ஷா' என்ற விபத்துக் காப்பீட்டை நடத்துகிறது. அவர் அதில் சேர்ந்திருக்கிறாரா? இல்லையென்றால் சேரச் சொல்லுங்கள். உங்கள் மரத்திலிருந்து விழுந்தால் அவர் குடும்பத்துக்கு முன்னால் நிற்கப் போவது நீங்கள்தான்.

புயல் எச்சரிக்கை வந்தால் தென்னையில் முற்றின காய்களையும், கீழ்வரிசைக் கனத்த மட்டைகளையும் மட்டும் இறக்குங்கள். குருத்தில் கை வைத்தால் மரமே போச்சு.

கேள்வி: பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் தகரக் கொட்டகை மேல் சாய்ந்திருக்கிறது. சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார்கள். — தேவிபட்டினம்

பதில்: முதலில் எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில். மரம் விழும் நிலையில் இருக்கிறது என்பதற்குப் படங்களும் எடுத்து வையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். விழுந்து ஆளுக்குச் சேதம் உண்டாக்கக்கூடிய மரத்தை அப்புறப்படுத்தவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிட, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 என்று இருந்தது இதுதான். ஆனால் அவர்கள் மனைக்குள் ஆளை ஏற்றி நீங்களே வெட்டிவிடாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு உங்கள் மேல் வரும்.

கேள்வி: ஏர்வாடி பக்கம் 40 சென்ட் மனை முழுக்கச் சீமைக்கருவேலம். கரிமூட்டம் போடுகிறவர் இலவசமாக வெட்டித் தருகிறேன் என்கிறார். லாபம்தானே?

பதில்: விறகு அவருக்கு, தூர் உங்களுக்கு. இதுதான் இந்தப் பேரத்தின் முழு அர்த்தம். வெட்டின தூரிலிருந்து அடுத்த மழைக்கே நாலு கொப்பாகக் கிளம்பும். மனையாக வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் வேரோடு பிடுங்கித்தான் ஆக வேண்டும், அதற்கு ஜேசிபி வேண்டும். முதல் மழை பெய்து தரை இளகினதும் கூப்பிட்டால் மணி நேரம் குறையும். வாடகை மணிக்கணக்கு என்பதால், வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் வண்டியில் இருக்கிற மணி மீட்டரைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். வந்துபோகிற நேரம் கணக்கில் சேருமா என்பதை வண்டி கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள். கரிக்காரருக்கு விறகைச் சும்மா கொடுக்காமல், அந்த விலையை ஜேசிபி வாடகையில் கழிக்கப் பார்க்கலாம்.

கேள்வி: புளியமரத்துக் கொப்பை எடுக்கும்போது கயிறு நழுவி, காம்பவுண்டு சுவரும் மாடித் தண்ணீர்த் தொட்டியும் உடைந்துவிட்டன. "காத்து அடிச்சது, நான் என்ன செய்ய" என்கிறார் வேலை எடுத்தவர். போனையும் எடுப்பதில்லை. — கீழக்கரை

பதில்: காற்றடிக்கும் ஊர் என்று தெரிந்துதான் அவர் வேலையை ஒத்துக்கொண்டார். காசு வாங்கிச் செய்த வேலையில் கவனக்குறைவு என்றால் அது சேவைக் குறைபாடு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதியுங்கள். அதில் தீராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த கூலி 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தபடியே பதியலாம். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இங்கே உச்சிப்புளி வாசகிக்கும் ஒரு வார்த்தை. காசு வாங்காமல் செய்கிற வேலை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை' என்ற வரையறைக்குள் வராது. "காசே வேண்டாம்" என்பவரிடம் ஓடு உடைந்தால், மரம்தான் அவருக்குக் கூலி என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். அவரிடமே கொடுப்பதாக முடிவு செய்தால், "வெட்டுக்கூலிக்குப் பதிலாக இத்தனை ரூபாய் மதிப்புள்ள வேப்பமரம்" என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கீழக்கரைக்காரருக்கு, விழுந்த கொப்பை இன்னும் அள்ளவில்லை என்றால் அப்படியே கிடக்கட்டும். நழுவின கயிறு, முடிச்சுப் போட்ட இடம், உடைந்த சுவர் எல்லாம் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி எடுங்கள். கொத்தனாரிடம் செலவை எழுதி வாங்குங்கள், தொட்டி வாங்கின பில் இருந்தால் தேடி எடுங்கள். அவருக்குக் கூலி அனுப்பின ஜிபே விவரத்தையும் படமெடுத்து வையுங்கள். பதினைந்து நாள் தவணை வைத்துப் பதிவுத் தபால் ஒன்று போட்டுவிட்டு, அப்புறம் கொப்பை அள்ளலாம்.