"லாக்டவுன் முடியட்டும், பாத்துக்கலாம்"னு தள்ளிப்போடாதீங்க: வாசகர் கேள்விகளுக்கு மனநல டாக்டர் பதில்

2021 மே 10ஆம் தேதி தமிழ்நாட்டுல கொரோனாவுக்காக முழு ஊரடங்கு போட்டதுலேர்ந்து வந்த கேள்விகள்ல சிலதுக்கு இங்க பதில் சொல்றேன். யார் பெயரும் ஊரும் போடலை. பாதிப் பேர் கடைசி வரில ஒரே மாதிரிதான் எழுதியிருக்கீங்க, "லாக்டவுன் முடிஞ்சதும் யாராவது டாக்டரைப் பாக்கலாம்னு இருக்கேன்"னு. தயவுசெஞ்சு அப்படி இருக்காதீங்க. இந்த 2021ல போன்லயே பாக்க முடியுது, அவசரம்னா ஆஸ்பத்திரியும் திறந்துதான் இருக்கு.

கேள்வி: எனக்கு கொரோனா வந்து சரியாகி மூணு வாரம் ஆச்சு. ஆனா ராத்திரி திடீர்னு மூச்சு முட்டுற மாதிரி ஆகுது, நெஞ்சு படபடக்குது. ரத்தத்துல ஆக்சிஜன் அளவைக் காட்டுற ஆக்சிமீட்டரை கையிலேர்ந்து கழட்டவே பயமா இருக்கு. 97ன்னு காட்டினாலும் நம்ப முடியலை.

முதல்ல உடம்பை ஒரு தடவை செக் பண்ணிடலாம். வீட்டுக்குள்ளயே ஆறு நிமிஷம் நடந்துட்டு திரும்ப பாருங்க, ரீடிங் மூணு பாயிண்ட்டுக்கு மேல இறங்குது, இல்ல 94க்கு கீழ போகுதுன்னா உங்களுக்கு வைத்தியம் பாத்த டாக்டர்கிட்ட அன்னைக்கே சொல்லணும். நெஞ்சு வலி இருந்தாலும் அப்படித்தான், அதை மனசு சம்பந்தப்பட்டதுன்னு நீங்களா முடிவு பண்ணக்கூடாது.

அதெல்லாம் நார்மலா இருந்து, இந்தப் படபடப்பு திடீர்னு வந்து பத்து நிமிஷத்துல உச்சத்துக்குப் போய் அரை மணி நேரத்துக்குள்ள தானா அடங்குதுன்னா அது பெரும்பாலும் பேனிக் அட்டாக். உயிருக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா அந்த நிமிஷத்துல செத்துடுவோம்னுதான் தோணும், அந்த பயம் பொய்யில்லை. ஆக்சிமீட்டரைப் பாக்கப் பாக்க பயம் கொஞ்சம் குறையுற மாதிரி இருக்கும், அஞ்சே நிமிஷத்துல திரும்ப பாக்கணும்னு தோணும், இப்படியே பயம் வளந்துக்கிட்டே போகும். அதனால அதை வீட்ல இன்னொருத்தர்கிட்ட குடுத்துடுங்க, காலைல ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை, போதும். கை சில்லுனு இருந்தாலோ நெயில் பாலிஷ் இருந்தாலோ ரீடிங் தப்பா வரும்ங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. ஸ்டீராய்டு மாத்திரை குடுத்திருந்தாங்களான்னு ப்ரிஸ்க்ரிப்ஷனைப் பாருங்க, அது தூக்கத்தைக் கெடுக்கும், பதட்டத்தைக் கூட்டும். இன்னும் சாப்பிட்டுட்டு இருந்தா நீங்களா நிறுத்தாம டாக்டர்கிட்ட கேட்டு நிறுத்துங்க.

கேள்வி: அப்பா போயிட்டாரு. ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா சுடுகாட்டுக்கு கொண்டு போயிட்டாங்க, முகத்தைக்கூட சரியா பாக்கலை. ரெம்டெசிவிருக்காக ரெண்டு நாள் க்யூல நின்னும் எனக்கு கிடைக்கலை. அது கிடைச்சிருந்தா அப்பா இருந்திருப்பாரு. அம்மா சாப்பிட மாட்டேங்கறாங்க. காரியம் பண்ணவும் யாரும் வர மாட்டாங்க.

தம்பி, உங்க லெட்டரை படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத முடியலை.

அந்த மருந்து விஷயத்தை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா அதுதான் உங்களை அறுத்துக்கிட்டே இருக்கு. ரெம்டெசிவிர் உயிரைக் காப்பாத்தும்ங்கறதுக்கு ஆதாரம் இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பர்லயே சொல்லி, ஆஸ்பத்திரில இருக்கற கொரோனா நோயாளிகளுக்கு அதை பரிந்துரைக்க வேணாம்னுதான் அப்ப சொல்லுச்சு. சென்னைல இந்த மருந்தை வித்த கீழ்ப்பாக்கத்துலயும் நேரு ஸ்டேடியத்துலயும் ஜனங்க அப்படி நின்னது பாசத்தால, வேற வழி தெரியாததால. நீங்க நின்னதும் அதனாலதான். உங்களுக்கு அது கிடைக்காததால அப்பா போகலை. இதை ஆறுதலுக்காக சொல்லலை, டாக்டரா சொல்றேன்.

அடுத்தது காரியம். அஸ்தியால தொற்று வரவே வராது, வாங்கி சடங்கு பண்ணலாம்னு மத்திய சுகாதாரத்துறை வழிமுறையிலயே இருக்கு. இன்னும் வாங்கலைன்னா போய் வாங்குங்க, தயக்கமே வேணாம். பதினாறாம் நாள் ஊரைக் கூட்டி பண்ண முடியாது, சரி, வீட்ல படம் வெச்சு விளக்கேத்தி அவருக்குப் பிடிச்சதை சமைச்சு படைங்க, சொந்தக்காரங்களை அதே நேரத்துல வீடியோ கால்ல வரச் சொல்லுங்க, ஒவ்வொருத்தரும் அப்பாவைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசட்டும். ஊர்ல எழவு வீட்டுக்கு ஆள் வந்து கட்டிப்பிடிச்சு அழறதுல பாதி துக்கம் கரைஞ்சு போகும், அது இப்ப இல்லைங்கறதுதான் இந்த சாவுகளோட பெரிய கொடுமை. அதனால அம்மாவோட அக்கா தங்கச்சிங்களை தினம் ஒருத்தரா போன் பண்ணி அம்மாகூட அழ சொல்லுங்க, அழாதேன்னு சொல்ல வேணாம். சாப்பாட்டை தட்டுல போட்டுக் குடுத்து "சாப்பிடு"ன்னு சொல்றதை விட நீங்களும் பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க. அம்மா தண்ணிகூட குடிக்கலைன்னாலோ, "நானும் அவர்கூடவே போயிடறேன்"னு திரும்பத் திரும்ப சொன்னாலோ அன்னைக்கே 104க்கு போன் பண்ணுங்க, தமிழ்நாடு சுகாதாரத்துறையோட இலவச எண் அது, மனநல ஆலோசகர்கிட்ட பேசலாம்.

பக்கத்து வீட்ல இப்படி சாவு விழுந்திருந்தா, இதைப் படிக்கிறவங்க ஒரு தூக்குல சாப்பாடு செஞ்சு வாசல்ல வெச்சுட்டு போன் பண்ணி சொல்லுங்க.

கேள்வி: என் தங்கச்சி பைபோலாருக்கு (மனநிலை ஒரேயடியா ஏறி இறங்குற நோய்) லித்தியம் மாத்திரை சாப்பிடறா. டாக்டர் மதுரைல, எங்க ஊர்லேர்ந்து பஸ் இல்லை, மாத்திரை நாலு நாளைக்குத்தான் இருக்கு. கொஞ்ச நாள் நிறுத்தினா பரவாயில்லையா?

நிறுத்தக்கூடாது. லித்தியத்தை திடீர்னு விட்டா பழைய நிலைமை வேகமா திரும்பி வர்ற வாய்ப்பு ரொம்ப அதிகம். 2020 மார்ச் 25ஆம் தேதி வந்த டெலிமெடிசின் விதிப்படி ஏற்கனவே பாத்த டாக்டர் போன்லயோ வீடியோலயோ பேசி அதே மருந்தை எழுதி வாட்ஸப்ல அனுப்பலாம், மெடிக்கல்ல அது செல்லும். அவரைப் பிடிக்க முடியலைன்னா மாத்திரை அட்டையையும் பழைய சீட்டையும் எடுத்துக்கிட்டு உங்க மாவட்ட அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு போங்க. மெடிக்கல் ஷாப், ஆஸ்பத்திரி எதுக்கும் ஊரடங்குல தடை இல்லை.

இன்னொண்ணு, அவளுக்கு காய்ச்சல், வாந்தி, பேதின்னு வந்தா உடம்புல தண்ணி குறைஞ்சு ரத்தத்துல லித்தியம் அளவு ஏறிடும். புரூபன் மாதிரி வலி மாத்திரையும் அதே வேலையைப் பண்ணும். காய்ச்சலுக்கு பாரசிட்டமால் மட்டும், தண்ணி நிறைய. கை ரொம்ப நடுங்குது, நடை தள்ளாடுது, பேச்சு குழறுதுன்னா உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: தியானம், மூச்சுப்பயிற்சி வீடியோ எல்லாம் பாத்தேன், எதுவும் எனக்கு செட் ஆகலை.

விட்டுடுங்க, எல்லாருக்கும் அது ஒத்துவராது. காலைல ஒரே நேரத்துக்கு எழுந்திருங்க, மொட்டை மாடில வெயில்ல நடங்க, சாவு நியூஸ் பாக்கறதை ஒரு நாளைக்கு ஒரு தடவையோட நிறுத்துங்க, தினம் ஒருத்தர்கிட்ட குரல்ல பேசுங்க, மெசேஜ்ல இல்ல. ரெண்டு வாரத்துக்கு மேலயும் தூக்கமில்ல, எதுலயும் பிடிப்பில்லன்னா டாக்டர்கிட்ட பேசணும்.

கேள்வி: டாஸ்மாக் மூடினதும் வீட்டுக்காரர் வாங்கி வெச்சிருந்த சரக்கும் தீந்துபோச்சு. நேத்துலேர்ந்து கை நடுங்குது, வேர்த்து கொட்டுது, செவுத்துல பூச்சி ஓடுதுங்கறாரு. மாமியார் "குடி விடுறப்போ அப்படித்தான் இருக்கும், ரூம்ல போட்டு பூட்டு"ன்னு சொல்றாங்க.

இந்தம்மாவுக்கு லெட்டர் வந்த அன்னைக்கே பதில் அனுப்பிட்டேன், மத்தவங்களுக்காக இங்கயும் எழுதறேன். பூட்டாதீங்க. பல வருஷமா தினமும் நிறைய குடிச்சவங்க டக்குனு நிறுத்தினா மூளை தாங்காது. முதல் நாள்ல நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை வரும். முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டாவது நாள்லேர்ந்து நாலாவது நாளுக்குள்ள இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியறது, ஆள் அடையாளம் தெரியாம குழம்புறதுன்னு வந்தா அது உயிருக்கே ஆபத்து. 108க்கு போன் பண்ணி அரசு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க, "தினமும் குடிக்கிறவர், நிறுத்தி இத்தனை நாள் ஆச்சு"ன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க. அங்க நடுக்கத்தை அடக்க மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் குடுப்பாங்க, சில நாள்ல அடங்கிடும்.

வீட்ல சானிடைசர், தின்னர் எல்லாத்தையும் எடுத்து மறைச்சு வைங்க. போன வருஷ ஊரடங்குல நம்ம தமிழ்நாட்டுலயே வார்னிஷ், ஷேவிங் லோஷன்னு குடிச்சு உயிர் போனவங்க இருக்காங்க. குடிநோய்ங்கறது நோய்தான், அவரைத் திட்ட இது நேரமில்லை. உடம்பு தேறினதும் அங்கயே மனநலப் பிரிவுல தொடர்ந்து பாத்தா இந்த ஊரடங்கே அவர் குடியை விடறதுக்கு நல்ல வாய்ப்பாகலாம், அப்படி விட்டவங்களை நான் பாத்திருக்கேன்.

கேள்வி: அடிக்கிறாரு. வேலை இல்லாததால நாள் முழுக்க வீட்லதான். எனக்கு பதில் அனுப்ப வேணாம், போனைப் பாப்பாரு.

சகோதரி, நீங்க சொன்ன மாதிரி பதில் அனுப்பலை, இங்க எழுதறேன். 181 பெண்களுக்கான இலவச உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பாங்க, பேசி முடிச்சதும் கால் லிஸ்ட்லேர்ந்து அழிச்சுடுங்க. அடி விழுந்துட்டு இருக்கற நேரத்துல 100. போன் பண்ணவே முடியலைன்னா காய்கறி வண்டி வர்றப்போ பக்கத்து வீட்டம்மாகிட்ட சொல்லி அவங்களை பண்ண சொல்லலாம். 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி அந்த வீட்டுலேர்ந்து உங்களை அவர் துரத்த முடியாது, கோர்ட்ல பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், அதுக்கு மாவட்ட சமூகநல அலுவலகத்துல இருக்கற பாதுகாப்பு அலுவலர் உதவி பண்ணுவாங்க. ஆதார், ரேஷன் கார்டு, கொஞ்சம் பணம், பிள்ளைங்க மருந்து, எல்லாத்தையும் ஒரு பையில எடுத்த உடனே கிளம்பற மாதிரி வைங்க. பொறுத்துப் போன்னு சொல்றவங்க பேச்சை கேக்காதீங்க.

கேள்வி: ஃபிரெண்ட் டீக்கடை வெச்சிருக்கான், கடை மூடி தவணை கட்ட முடியலை. ராத்திரில "நான் இல்லைன்னா எல்லாருக்கும் நிம்மதி"ன்னு மெசேஜ் போடறான். கேட்டா தப்பா எடுத்துப்பானோ?

இன்னைக்கே கேளுங்க, மெசேஜ்ல இல்ல, போன்ல. "சாகணும்னு தோணுதாடா?"ன்னு நேரடியாவே கேக்கலாம். கேட்டா அந்த எண்ணம் வந்துடும்ங்கறது தப்பு, கேட்டாத்தான் அவனுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். ஆமான்னு சொன்னா பதறாதீங்க, புத்திமதி சொல்லாதீங்க, எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கானான்னு கேளுங்க. வெச்சிருந்தா அவனை தனியா விடக்கூடாது, வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லி ஆபத்தான பொருளையெல்லாம் அப்புறப்படுத்தி, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகணும். "போலீஸ் கேஸ் ஆயிடும்"னு பயந்து நிறைய குடும்பம் மறைக்குது. 2017 மனநலச் சட்டத்தோட 115வது பிரிவு, அப்படி முயற்சி பண்ணவங்களை கடுமையான மன அழுத்தத்துல இருந்தவங்களாத்தான் பாக்கணும், தண்டிக்கக்கூடாதுன்னு சொல்லுது.

பேச ஆள் வேணும்னா சென்னைல 1986லேர்ந்து இருக்கற சினேகா அமைப்பு, 044-24640050. கடன் விஷயத்துக்கும் வழி இருக்கு, 2021 மே 5ஆம் தேதி ரிசர்வ் வங்கி சிறு வியாபாரிகளோட கடனை மாத்தி அமைக்க பேங்குகளுக்கு அனுமதி குடுத்துச்சு, கடனை மாத்தி அமைக்கச் சொல்லி பேங்குக்கு ஒரு மனுவை அவன்கூட உக்காந்து நீங்களே எழுதிக் குடுங்க. நாளைக்கு காலைல திரும்ப கூப்பிடறேன்னு சொல்லிட்டு, சொன்ன நேரத்துக்கு கூப்பிடுங்க.