கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவை ஒரு நாடகத்துக்காகவா சிறையில் அடைத்தார்கள்?

ஆம், நாடகம்தான் காரணம். ஆனால் அதை எந்த மொழியில் எழுதினார், யார் நடித்தார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

1977இல் ‘பெட்டல்ஸ் ஆஃப் பிளட்’ என்ற அவரது ஆங்கில நாவல் வெளிவந்தது. சுதந்திர கென்யாவின் ஆட்சியாளர்களைக் கடுமையாகச் சாடிய நாவல் அது. அதற்காக யாரும் அவரைக் கைது செய்யவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில், லிமுரு அருகே கமிரீத்து கிராமத்தில், கூகி வா மிரீ என்ற இன்னொரு எழுத்தாளருடன் சேர்ந்து அவர் தன் தாய்மொழியான கிக்குயுவில் எழுதிய ‘ஙாஹிகா ந்தேந்தா’ நாடகம் அரங்கேறியது. திறந்தவெளி அரங்கைக் கட்டியவர்கள் ஊர்மக்கள். நடித்தவர்கள் விவசாயிகள், தொழிலாளர்கள். ஒத்திகையில் வசனங்களைத் திருத்தியதும் அவர்கள்தான்! நாடகத்தில் விவசாயக் கூலி கிகூண்டா, தன் ஒன்றரை ஏக்கர் நிலத்தின் பத்திரத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறான். பணக்கார கியோயி வங்கிக் கடன் ஆசை காட்டி அந்த நிலத்தையே விழுங்கிவிடுகிறான். பார்த்தவர்களுக்கு அது சொந்தக் கதை. அரசு பயந்தது இதற்குத்தான் என்பேன்.

நவம்பரில் நாடகத்தின் உரிமம் ரத்தானது. டிசம்பர் 31 அன்று கைது; விசாரணையே இல்லாமல் ஏறக்குறைய ஓராண்டு காமிட்டி என்ற சிறைச்சாலையில் அடைப்பு. அங்கே கழிவறைக் காகிதத்தில் கிக்குயு மொழியிலேயே அவர் எழுதிய நாவல்தான் தமிழிலும் வந்துள்ள ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’. 1982இல் அந்த அரங்கையும் அரசு இடித்துத் தள்ளியது.