'எனக்குக் குளிரவில்லை' என்று அப்பா சொன்னால் நம்பலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். குளிர்காலத்தில் நாங்கள் எல்லோரும் நடுங்கும்போது, அவர் மட்டும் 'எனக்குக் குளிரவில்லை' என்று வெறும் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். தொட்டால் கை சில்லிட்டுக் கிடக்கிறது. இரவில் அவர் அறையில் கரிக்கணப்பு வைத்துக் கதவைச் சாத்திவிடலாமா?

பதில்: கணப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வேண்டவே வேண்டாம். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வெளியாகிறது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். புகை அடங்கிக் கங்கு மட்டும் கனன்றுகொண்டிருந்தால் ஆபத்து தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். புகைதான் நின்றிருக்கிறது, வாயு நிற்கவில்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே மயங்கிவிடுவார். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், காரணம் தேடிக்கொண்டிருக்காமல் எல்லோரையும் வெளிக்காற்றுக்கு அழைத்து வந்து மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள். மின்சார ஹீட்டர் பரவாயில்லை. படுக்கை, திரைச்சீலை இரண்டிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

இனி அப்பாவுக்கு வருவோம். அவர் பிடிவாதத்தில் அப்படிச் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரிவதில்லை. வயது ஏற ஏறக் குளிரை உணரும் திறன் மழுங்குகிறது. வெப்பத்தை உண்டாக்கும் தசை குறைகிறது, நடுக்கமும் வலுவாக வருவதில்லை. ஆகவே அவர் வாயைக் கேட்காதீர்கள், வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். குளிரில் உடம்பு ரத்தத்தை உள்ளுறுப்புகளின் பக்கம் இழுத்துக்கொள்வதால் கை சில்லிடுவது இயல்புதான். சட்டைக்குள் கைவிட்டு வயிற்றில் புறங்கையை வைக்கும்போது அதுவும் சில்லென்று இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவதைத்தான் 'ஹைப்போதெர்மியா' என்கிறோம். பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரில் அளவுகோடே 35-இல்தான் தொடங்கும். பாதரசம் மேலே ஏறாததைப் பார்த்து 'காய்ச்சல் இல்லை' என்று நிம்மதியடைந்துவிடக் கூடாது.

சிகிச்சைக்காக என் அறைக்குள் வரும் முதியவரின் விரல்களைத்தான் நான் முதலில் கவனிப்பேன். தினமும் போட்டுப் பழகிய பொத்தானை அதன் துளையில் நுழைக்க முடியாமல் விரல் தடுமாறுகிறதா? பேச்சு குழறுகிறதா, நடை தள்ளாடுகிறதா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரா, பகலெல்லாம் தூங்கி வழிகிறாரா? 'வயதாகிவிட்டது' என்று வீட்டில் உள்ளவர்கள் விட்டுவிடும் அறிகுறிகள் இவைதான். நடுங்கிக்கொண்டிருந்தவர் குளிரிலேயே இருக்கும்போது நடுக்கம் நின்றுவிட்டால் அது தேறுவதன் அடையாளமல்ல, நிலைமை முற்றுகிறது.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அது வரும்வரை, ஈரத்துணி இருந்தால் களைந்துவிட்டு, தலையும் கழுத்தும் மூடும்படி கம்பளி போர்த்துங்கள். மார்பும் வயிறும்தான் முதலில் சூடேற வேண்டும். கை கால்களைத் தேய்க்காதீர்கள், வெந்நீரில் குளிப்பாட்டாதீர்கள். நல்ல நினைவோடு விழுங்க முடிந்தால் மட்டும் வெதுவெதுப்பாக ஏதாவது குடிக்கக் கொடுக்கலாம். மது கூடவே கூடாது. அது தோலின் ரத்தக்குழாய்களை விரித்துவிடுவதால் கதகதப்பு போலத் தோன்றும், உள்ளேயிருக்கும் வெப்பமோ வெளியேறிக்கொண்டிருக்கும்.

அவர் இருக்கும் அறை 18 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்த அளவு அது. சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டிவிட்டால் 'குளிருகிறதா, இல்லையா' என்ற வாக்குவாதமே எழாது. கனமான ஒரே ஸ்வெட்டரைவிட மெல்லிய உடைகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது, இடையில் சிக்கும் காற்றுதான் வெப்பத்தைக் காக்கிறது. காலைப் பிடிக்கும் இறுக்கமான காலுறை ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், தளர்வானதாக வாங்குங்கள். வெந்நீர்ப் பையைத் துணி சுற்றிப் படுக்கையில் வைத்து, அவர் படுக்கும்போது எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு அதுவும் வேண்டாம். தோல் வெந்து கொப்புளம் போட்ட பிறகுதான் அவர்களுக்குத் தெரியவரும்.

குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் ரத்த அழுத்தம் ஏறும். நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. தினமும் ஒரே நேரத்தில் அளந்து குறித்துவைத்து, அவருடைய மருத்துவரிடம் காட்டுங்கள். 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரை என்றால் கை கால் இன்னும் சில்லிடக்கூடும், அதையும் மருத்துவரிடமே கேளுங்கள்.

இன்னொன்று, தண்ணீர். குளிரில் தாகம் குறையும், சிறுநீர் அதிகமாகப் பிரியும். இரவில் எழ வேண்டியிருக்குமே என்று பெரியவர்கள் மாலையிலிருந்தே தண்ணீரைத் தவிர்த்துவிடுகிறார்கள். உங்கள் அப்பாவும் அப்படிச் செய்கிறாரா என்று பாருங்கள். செய்தால், கண்டிப்பதில் பயனில்லை. கழிவறை வரைக்கும் ஒரு சிறு விளக்கு எரியட்டும். வழுக்காத செருப்பும் ஒரு சால்வையும் கட்டிலில் இருந்தபடியே அவர் கைக்கு எட்டட்டும்.