முத்துசாமி ஐயர் பழமைவாதிதானே, அவரை ஏன் கொண்டாட வேண்டும்?

சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி திருவாரூர் முத்துசாமி ஐயரைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். பழமைவாதிதான், மறுக்கவில்லை. 1870களில் சென்னையில் விதவை மறுமணத்துக்காகத் தொடங்கிய சங்கத்தில் அவர் பெயரும் இருந்தது. ஆனால் அதற்காக ஆசாரத்தையும் உறவையும் முறித்துக்கொண்டு வெளியே வந்தவர் இல்லை அவர். இது எனக்கும் வருத்தம்தான்.

இருந்தும் நான் அவரை மதிக்கிறேன். அதற்குக் காரணம் அவருடைய சின்ன வயதுக் கதை ஒன்று.

1832-இல் தஞ்சைப் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். கிராமக் கணக்கரிடம் மாதம் 1 ரூபாய்க்கு எடுபிடி வேலை. ஒரு நாள் ஆற்றங்கரை உடைந்துவிட்டதாகத் தாசில்தாருக்குத் தகவல் வருகிறது. கணக்கர் இல்லை, இருந்தது இந்தப் பையன்தான். 'போய்ப் பார்த்து வா' என்று அனுப்புகிறார். உடைப்பு எவ்வளவு, சேதம் என்ன என்று எல்லாவற்றையும் நேரில் பார்த்துவிட்டு வந்து பையன் பிசகில்லாமல் சொன்னானாம். அந்தத் தாசில்தார் முத்துசாமி நாயக்கர்தான் பிறகு அவரைப் படிக்க வைத்தவர். தெருவிளக்கில் படித்த கதையை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு இந்தக் கதைதான் முக்கியம்.

ஏனென்றால் நீதிபதியான பிறகும் அவர் அதையேதான் செய்தார். 1879-இல் வந்த ஒரு மடச் சொத்து வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துச் சட்டத்தில் இருக்கும் டிரஸ்ட்டை, அதாவது ஒருவர் பிறருக்காகச் சொத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் ஏற்பாட்டை, அப்படியே தூக்கி மடத்தின் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. மடம் என்பது எப்படி உருவானது, துறவியைச் சுற்றிச் சீடர்கள் எப்படிச் சேர்ந்தார்கள் என்று அடியிலிருந்து ஆரம்பித்தார். சொத்து அந்தப் பதவியோடு ஒட்டியது, அதில் இருப்பவருக்குத்தான் போகும் என்று முடித்தார். பின்னால் வந்த மட வழக்குகளில் இந்தத் தீர்ப்பு பலமுறை மேற்கோளானது. வழக்கத்தை மதிக்கிறவர் எழுதக்கூடிய தீர்ப்பு அது. பழமைவாதத்தில் இப்படி ஒரு நல்ல பக்கமும் உண்டு.

1878-இல் அவர் நியமனமானபோது இங்கே ஆங்கிலேயர்கள் நடத்திய ஆங்கிலோ இந்தியப் பத்திரிகைகள் கொதித்தன. வெள்ளைக்கார நீதிபதிக்குத் தரும் அதே சம்பளம் இந்தியருக்கு எதற்கு என்று கேட்டன. அதற்குப் பதில் சொல்ல ஆறு இளைஞர்கள் 1 ரூபாய் 12 அணா கடன் வாங்கி 80 பிரதிகள் அச்சடித்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'தி இந்து'. அப்புறம் முத்துசாமி ஐயர் சில மாதங்கள் பொறுப்புத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார், 'சர்' பட்டமும் வந்தது. மலபாரில் தாய்வழி மரபினரின் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தரலாமா என்று ஆராய்ந்த மலபார் திருமண ஆணையத்துக்கு 1891-இல் தலைமை தாங்கினார். அதைத் தொடர்ந்து மலபார் திருமணச் சட்டம் 1896-இல் வருவதற்குள், 1895 ஜனவரியில் காலமாகிவிட்டார்.

நான் ஜூனியர் வக்கீலாகச் சேர்ந்த முதல் வாரம், என் சீனியர் என்னை உயர் நீதிமன்றத்துக்குள் இருக்கும் அவருடைய பளிங்குச் சிலை முன்னால் நிறுத்தினார். "காலைப் பாருப்பா" என்றார். தலைப்பாகையோடு உட்கார்ந்திருக்கிறார், காலில் செருப்பில்லை. "ஃபைலைப் படிக்காமல் வாயைத் திறக்கணும்னு தோணும்போதெல்லாம் இங்கே வந்து நின்னுட்டுப் போ" என்றார். இன்றும் போய் நிற்கிறேன்.